எங்களை மூன்று தடவை வழியனுப்பினார்கள்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணப் பேச்சு நடந்தபோதே அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம், "புள்ள ரப்பர் மரத்துல நல்லா பால் வெட்டுவா, நல்லா சமைப்பா, கோவந்தான் கொஞ்சம் சாஸ்தி" என்று சொல்லித்தான் கொடுத்தார். இவர் அதைக் கேட்டுச் சிரித்தாராம். சிரித்தவர் பிறகு நன்றாகப் பட்டார்.

நான் வாழ்க்கைப்பட்டுப் போனது கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பத்துக் காம்பரா, அதாவது ஒரே வரிசையில் பத்து ஒற்றை அறை வீடு, உள்ள பழைய லயம். காம்பராவுக்குக் காம்பரா இடையில் சுவர் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் போதும் என்று நின்றுவிட்டது. அதற்கு மேல் தகரக் கூரை வரைக்கும் வெறும் வெளி. முதல் காம்பராவில் யாராவது தும்மினால் பத்தாவது காம்பராவிலிருந்து "சளியா, கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்று பதில் வரும்.

கல்யாணமாகி மூன்றாம் வாரம் எங்களுக்கு முதல் சண்டை. இவர் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கூட்டாளிகளைச் சாப்பிடக் கூட்டி வந்துவிட்டார். அவர்கள் போன பிறகு நான் ஆரம்பித்தேன். மூன்று வார்த்தைதான் பேசியிருப்பேன். வலதுபக்கக் காம்பரா அக்கா சுவருக்கு அந்தப்புறமிருந்து, "அந்தப் புள்ள கேக்குறது நாயந்தானே தம்பி?" என்றார். உடனே இடதுபக்கத்துக் கங்காணி, "ஆம்பளன்னா நாலு பேரக் கூட்டிக்கிட்டுத்தான் வருவான்" என்றார். அதற்கு அக்கா பதில் சொல்ல, அதற்குக் கங்காணியின் பெண்சாதி பதில் சொல்ல, நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து எங்கள் சண்டையை மற்றவர்கள் போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை பீலியில், லயத்துக்கே பொதுவான தண்ணீர் விழும் இடத்தில், குளிக்கப் போனபோதுதான் எனக்கு முடிவு தெரிந்தது. நான் ஜெயித்துவிட்டேனாம்.

ஜெயித்து என்ன பிரயோசனம்? எனக்கு என் புருஷனோடு நானே சண்டை போட வேண்டும். அதற்குக்கூட உரிமை இல்லையென்றால் எதற்குக் கல்யாணம்?

சரி, சண்டையை விடுங்கள். சண்டை இல்லாமலும் ஒரு மனுஷி இருந்துவிடலாம். எனக்கு இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. லயமே அதைப் பற்றிப் பேசியது. இவரைப் பெற்ற மாமி கோயிலில் நேர்ந்தார், அக்கா மருந்து அரைத்துத் தந்தார், கங்காணி பெண்சாதி என் ஜாதகத்தைக் கேட்டு வாங்கிப் போனார். பேசாதவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் கேட்க நினைத்தது இவ்வளவுதான்: "நாம ரெண்டு பேருமா ஒருக்கா டாக்டர்ட்ட போவோமா?"

இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்குக் கேட்பீர்கள். தொண்ணூற்றாறு, ஏழிலே எங்கள் பக்கம் பிள்ளை இல்லையென்றால் பெண்ணை மட்டும்தான் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். ஆம்பிளையை "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டால் அது அவனைக் கைநீட்டி அடித்த மாதிரி. இவருக்குக் கோபம் வரலாம், அழுகை வரலாம், எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அது இவருக்கு வரட்டும், ஆனால் பத்துக் காம்பரா கேட்க வரக்கூடாது. மறுநாள் பீலியில் என் புருஷனைப் பற்றி யாரும் குசுகுசுக்கக்கூடாது. என் கோபத்துக்கு மட்டுமல்ல, இவருடைய மானத்துக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கூரை வரைக்கும் போகிற ஒரு சுவர் தேவைப்பட்டது.

வெளியே எங்காவது வைத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கப் பார்க்காமலா இருந்தேன்? ஒருநாள் இவர் தான் ஓட்டும் தோட்டத்து டிரக்டரை மலையடியில் நிறுத்திவிட்டு நின்றபோது, பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, ஒரு விசயம்" என்றேன். மரத்துக்குப் பின்னாலிருந்து கங்காணி வந்து, "என்ன விசயம்?" என்றார். இன்னொரு நாள் கேகாலை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் தொண்டையைச் செருமியதும் முன் சீட்டிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். எங்கள் லயத்து ஆள்! அவர் காதை எங்கள் பக்கம் கொடுத்துக்கொண்டே கேகாலை வரைக்கும் வந்தார்.

அந்த நேரத்தில்தான் மாவனல்லை முதலாளி ஒருவர் இவருக்கு வேலை தருவதாகச் சொன்னார். மூன்று ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. கொழும்புக் கடைக்கு லொறி ஓட்ட ஆள் தேவை, தங்க ஒரு அறையும் கிடைக்கும். இவர் வந்து சொன்னதும் லயமே வாயைப் பிளந்தது. கடல் பக்கமா, கரண்ட் உண்டா, குழாய்த் தண்ணியா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"செவரு எவ்வளவு ஒசரம்?"

"என்னாது?"

"அறைக்குச் செவரு இருக்குல்ல? அது கூரை வரைக்கும் போவுதா?"

இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கொழும்புல எல்லாம் மேல சீலிங்கே இருக்கும் புள்ள" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் வழியனுப்பு பிரமாதம். கோழி அடித்தார்கள். அக்கா ஒரு பிளாஸ்க் தந்தார், கங்காணி வீட்டில் பெட்ஷீட் தந்தார்கள், மாமி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். கணக்கப்பிள்ளை செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பேரேட்டில், என் பெயரை நீல மையால் அழுத்தமாக ஒரு கோடு போட்டு வெட்டினார். மறுநாள் காலையில் மூட்டை முடிச்சுகளோடு ரம்புக்கனை ரயில் ஸ்டேஷனுக்குப் போனோம்.

எந்தக் கோச்சியில் வருகிறோம் என்று முதலாளிக்குச் சொல்ல, இவர் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கொமினிகேஷனுக்கு, காசு கொடுத்து டெலிபோன் பேசும் கடைக்கு, போனார். நான் மூட்டைகளுக்குக் காவல். போனவர் வருவதற்குள் என் மனசு கொழும்புக்குப் போய், அறைக் கதவைச் சாத்தி, அந்தக் கேள்வியை நாலைந்து விதமாகக் கேட்டும் பார்த்துவிட்டது. இவர் திரும்பி வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது. யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் எங்களைப் போன்ற தமிழர்கள் குடியேறுவதென்றால் பொலிஸில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கடிதம் தர வேண்டும். அறை தருவதாகச் சொன்ன வீட்டுக்காரர் கடிதம் என்றதும் பயந்து பின்வாங்கிவிட்டாராம். "கொஞ்ச நாள் பொறு, எம்பிலிப்பிட்டிய கடைக்குப் போடுறேன்" என்றிருக்கிறார் முதலாளி.

மூட்டைகளைத் திரும்பத் தூக்கியபோது பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர், "ஆபஹு கெதரத?" என்று சிங்களத்தில் கேட்டார். திரும்ப வீட்டுக்கா என்று. இவர் தலையை ஆட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோச்சியையே கவிழ்த்துப் போட்டிருப்பேன். வீடு இருந்தால்தானே வீட்டுக்குப் போவது!

ஏனென்றால், நாங்கள் காலையில் கிளம்பி மத்தியானம் திரும்பி வருவதற்குள் எங்கள் காம்பராவில் கொழுந்தன் குடியேறிவிட்டான். புதுப் பெண்சாதியோடு. சாமிப் படம்கூட மாட்டியாகிவிட்டது. பாவம், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, ஆறு மாதமாக மாமியின் காம்பராவில் கட்டிலுக்குக் குறுக்கே சீலை கட்டிக்கொண்டு இருந்தார்கள். கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணி, நீங்க போயிட்டீங்கன்னுதான்..." என்றான். போனவர்கள் நாங்கள்தான். என்ன சொல்ல?

எங்களுக்குக் கிடைத்தது இஸ்தோப்பு. அதாவது காம்பராவுக்கு முன்னால் உள்ள தாழ்வாரம். யூரியா உரப் பையைப் பிரித்துத் தைத்துத் திரையாகக் கட்டிக்கொண்டோம். முன்பு கூரை வரைக்கும் சுவர் இல்லை என்று குறைப்பட்டவளுக்கு இப்போது சுவரே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், பீலிக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறபோது, "என்ன, கொழும்புக்காரவுங்க இன்னும் எந்திரிக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் அக்கா வந்து, "அந்தப் பிளாஸ்கைக் கொஞ்சம் குடுங்க, நீங்க போறப்ப திருப்பித் தாறேன்" என்றார். கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

கணக்கப்பிள்ளையிடம் போய் நின்று, வெட்டின பெயரைத் திரும்ப எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். எழுதினார். இஸ்தோப்பிலே ஒரு மாதம் ஓடியது. அந்த ஒரு மாதமும் இவரும் நானும் பேசியது உப்பு, மிளகாய், மழை. வேறொன்றும் பேசவில்லை. திரைக்கு வெளியே யாருடைய காலாவது தெரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வழியனுப்பில் கோழி முட்டையாகிவிட்டது. ஆளுக்கொரு முட்டைப் பொரியல். "எம்பிலிப்பிட்டியவா, அங்க வெயிலு மண்டையப் பொளக்குமாமே" என்று சொல்லி ஒரு பழைய குடை தந்தார்கள். மாமி அழுதார், ஆனால் முன்பு போல் அழவில்லை. சாமான்களைத் தோட்டத்து டிரக்டரில் ஏற்றிக் கட்டி, நானும் மேலே ஏறி உட்கார்ந்த பிறகு தோட்டத்து ஒப்பீஸிலிருந்து ஆள் வந்தது, டெலிபோனில் மாவனல்லை முதலாளி என்று. இவர் போனார். நான் மேலே உட்கார்ந்தபடியே இவர் திரும்பி வரும் நடையைப் பார்த்தேன். நடையிலேயே தெரிந்துவிட்டது. முதலாளியின் மருமகன் எம்பிலிப்பிட்டியக் கடையைப் பொறுப்பெடுத்து, கையோடு தன் டிரைவரையும் கூட்டிப் போய்விட்டாராம்.

நான் டிரக்டரை விட்டு இறங்கவில்லை. மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். "எறங்கு புள்ள, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் இவர். "பாக்கட்டும்! நாலு வருசமா பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க!" என்று கத்தினேன். பிறகு மழை வந்துவிட்டது. மழைக்கு முன்னால் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும்? இறங்கினேன்.

மூன்றாம் தடவை வந்த சேதி என்ன தெரியுமா? மாவனல்லை. முதலாளியின் சொந்த ஊர்க் கடை. கொழும்பு, எம்பிலிப்பிட்டிய என்றெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில், நாங்கள் சம்பளச் சனிக்கிழமைகளில் துணிமணி வாங்கப் போகிற மாவனல்லை! பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தத் தடவ பென்சிலாலதான் வெட்டுவேன்" என்று சொல்லிவிட்டார். வழியனுப்பும் வெறும் பிளேன்டீயோடு முடிந்தது. ஆனால் எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இவர் முன்கூட்டியே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முதலாளியின் அக்கா வீட்டுக்குப் பின்னால், வளவுக்குள் தனியாக ஒரு சின்ன வீடு. "செவரு?" என்றேன். "நாலு பக்கமும் கூரையத் தொட்டுக்கிட்டு நிக்குது. ஏணி வாங்கி ஏறியே பாத்துட்டேன்" என்றார். எதற்கென்று நான் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. முதலாளியின் அக்கா கணவரை இழந்தவர், அமைதியை விரும்புகிறவர். "ரெண்டு பேரெண்டா ரெண்டே பேரு. கூட்டம் சேரக் கூடா, சத்தம் போடக் கூடா" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் வீட்டைத் தர ஒத்துக்கொண்டாராம். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்காமலே பிடித்துப்போனது.

இப்போது கேளுங்கள் அந்தக் கூத்தை. புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் இல்லையா? பூசாரி காலை பத்தரைக்கு முன் நல்ல நேரம் என்று குறித்துத் தந்திருந்தார். இவர் முதலாளியின் லொறியையே ஓட்டிக்கொண்டு வந்தார், சாமான் ஏற்ற. மாமி குளித்துச் சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "பெத்தவ இல்லாம பால் காச்சுறதா? நானும் வாறேன்." சரி, மாமியைத் தடுக்க முடியாது. ஆனால் அப்போது மூன்று பேர் ஆகிவிட்டோம். மூன்று பேராக ஒரு நல்ல காரியத்துக்குப் போவார்களா? மாமியே வலதுபக்கத்து அக்காவைக் கூப்பிட்டார், நாலாவது ஆளாக. அக்கா வந்தால் அக்காவின் புருஷன் வராமல் இருப்பாரா? அவரும் வந்தால் கங்காணியைக் கூப்பிடாமல் விட முடியுமா? இடதுபக்கம் என்ன குறைந்ததா? கொழுந்தன், கொழுந்தன் பெண்சாதி, அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாத அவள் அம்மா... தூரமென்றால் யோசித்திருப்பார்கள். இதோ இருக்கிற மாவனல்லைதானே! நான் முன் சீட்டில் பால் செம்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

"ஏங்க, ரெண்டு பேருன்னு சொல்லியிருக்கீங்க!" என்றேன் அடிக்குரலில்.

"பால் காச்சுனதும் திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்" என்றார். பெற்ற தாயை இறங்கு என்று சொல்ல எந்த மகனுக்கு வாய் வரும்? அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் எரிந்தது.

வளவு வாசலில் முதலாளியின் அக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றுகொண்டிருந்தார். லொறியின் பின்கதவு திறந்தது. அவர் விரல் விட்டு எண்ணுவதை நான் பார்த்தேன். பத்தோடு விரல் முடிந்துபோய்த் திரும்ப முதல் விரலுக்கு வந்தார். எங்கள் இருவரோடு சேர்த்துப் பதினாலு பேர்.

"ரெண்டு பேரெண்டு தானே தம்பி சொன்ன?" என்றார் இவரிடம். "இது முழுத் தோட்டமுமே வந்தீக்கி!"

"இல்லங்க உம்மா, இவங்கெல்லாம் பால் காச்ச வந்தவங்க."

"பால் காச்ச எத்தின பேரு வேணும்?"

நியாயமான கேள்வி. அந்த அம்மா கையை வாசலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, "இது சரிவராது தம்பி, நான் தம்பிக்கிட்ட பேசணும்" என்றார், முதலாளியைச் சொல்லி. எனக்கு உயிரே போய்விட்டது. செக்ரோலில் பெயர் இல்லை, காம்பரா இல்லை, இஸ்தோப்பையும் கொழுந்தன் பெண்சாதி கூட்டிக் கழுவி விறகு அடுக்கிவிட்டாள். இந்த வாசலும் மூடினால் நாங்கள் போவது எங்கே? நான் அந்தக் கேள்வியைக் கேட்பது எந்த ஜென்மத்தில்?

அப்போது மாமி முன்னால் வந்தார். "அம்மா, நீங்க அப்புறமா ஏசுங்க. நல்ல நேரம் போவுது. பத்தரை ஆனா முடிஞ்சுது. பால் பொங்கட்டும், பொறவு வெரட்டுங்க" என்றார். அந்த அம்மா உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பத்து. நேரம் தவறுவது அவருக்கும் பிடிக்காது போலிருக்கிறது. "அப்ப கெதியா காச்சுங்க, என்ன பாத்துக்கொண்டு நிக்கிற!" என்று கையை எடுத்துவிட்டார். எடுத்ததோடு நிற்கவில்லை, எங்கள் விறகு நனைந்திருப்பதைப் பார்த்து, தன் அடுப்பிலிருந்து சிரட்டை நெருப்பும் கொண்டு வந்தார். பத்து இருபத்தைந்துக்குப் பால் பொங்கி வழிந்தது. பதினாலு பேரும் கும்பிட்டார்கள், அவர் பக்கத்தில் நின்று, "நல்லாப் பொங்கிட்டுது" என்று திருப்திப்பட்டார்.

அத்தோடு எல்லாரும் லொறியில் ஏறியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இருந்திராது. அந்த அம்மா ஒரு கிளாஸ் பாலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, என்னை அன்பாகப் பார்த்து, "எத்தின புள்ள மகள்?" என்று கேட்டுவிட்டார்.

நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. "நாலு வருசமா ஒண்ணுமில்லங்கம்மா" என்று மாமி ஆரம்பித்தார். அக்கா மருந்து அரைத்துத் தந்ததைச் சொன்னார். கங்காணி பெண்சாதி ஜாதகத்தில் என்ன இருந்தது என்பதை விளக்கினார். கொழுந்தன் பெண்சாதியின் அம்மா, நேற்று வந்தவர், "எடுப்பு சரியில்ல, குளிர்ச்சி உடம்பு" என்று என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியாததைச் சொன்னார். முதலாளியின் அக்காவும் கண்டியில் ஒரு நல்ல லேடி டாக்டர் இருப்பதாகச் சொன்னார். கங்காணி சுவரில் சாய்ந்துகொண்டு, "இந்தப் புள்ளய அங்க கொண்டு போய்க் காட்டுங்க" என்றார். நான் நாலு வருஷமாகத் தவம் கிடந்த அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு! இவர் கையில் சீனிப் பொட்டலத்தோடு தலைகுனிந்து நின்றார்.

எனக்கு வந்ததே பாருங்கள்.

"போதும்!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் முற்றத்தில் மேய்ந்த கோழி ஓடியது. "எல்லாரும் எந்திரிங்க! லொறியில ஏறுங்க! நாலு வருசம் எங்க சண்டைய நீங்க போட்டீங்க, பொறுத்தேன். எங்க காம்பராவுல குடி வந்தீங்க, பொறுத்தேன். பிளாஸ்க்க வாங்கிட்டுப் போனீங்க, அதையும் பொறுத்தேன். இது என் வயிறு! இதையாவது எனக்கு விட்டு வைங்க!"

மாமி, "நான் என்னாடி தப்பா சொல்லிட்டேன்" என்று விம்மிக்கொண்டே எழுந்தார். ஒவ்வொருவராகப் போய் ஏறினார்கள். அக்கா மட்டும் ஏறுமுன் திரும்பி, "பிளாஸ்க்க நாளைக்கே குடுத்து அனுப்புறேன்" என்றார். இவர் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டமும் சேர்த்தாயிற்று, சத்தமும் போட்டாயிற்று. இனி வீடு எங்கே என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். முதலாளியின் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "நான் கேட்டது பிழை மகள்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே இரிங்க. சத்தம் போடக் கூடாதெண்டு சொன்னது ராவைக்கு. பகல்ல உங்களுக்கு வேணுங்கிற மாதிரி கத்துங்க." அப்படிச் சொல்லிவிட்டு, எல்லாக் கிளாஸையும் அவரே பொறுக்கிக்கொண்டு போனார்.

தோட்டத்துக்குப் போய்வர லொறிக்கு இரண்டு மணி நேரம் தாராளம். இவர் மூன்று மணிக்கும் வரவில்லை, நாலுக்கும் வரவில்லை. சாமான்களை அடுக்கினேன், சோறு ஆக்கினேன், கதவைத் திறந்து பார்த்தேன், மூடினேன். பெற்ற தாயை ஊர் பார்க்க விரட்டி விட்டிருக்கிறேன். இவர் எப்படி வந்து என் முகத்தில் விழிப்பார்? வீடு கிடைத்துவிட்டது, கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லாமல் போகப்போகிறது என்று பயந்தேன். மனசாரப் பயந்தேன்.

ஐந்தரைக்கு வந்தார், நடந்து. லொறியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஏசப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"மாமி கோவமா?"

"கோவந்தான். வழி நெடுக ஒன்னயத்தான் ஏசிக்கிட்டு வந்தாங்க, பன்னெண்டு பேரும். ஒனக்குத்தான் கொறைன்னு. நான் லொறிய ஓரமா நிப்பாட்டிட்டேன்."

"நிப்பாட்டி?"

"பின்னால போயி, கொறை எனக்குத்தான்னு சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "டாக்டர்ட்ட போனீங்களா? எப்ப? எனக்குச் சொல்லலியே?"

"எங்க போனேன்? போவல்ல. சும்மா சொன்னேன்." பாயை விரித்து உட்கார்ந்தார். "கங்காணி அப்படியே வாயடச்சுப் போயிட்டாரு. அம்மா அழுதாங்க. நாளைக்குப் பீலியில என் கததான்."

இவர் ஆம்பிளை. பத்துக் காம்பராவிலும் இனி தலைநிமிர்ந்து போக முடியாது. நான் எதைக் காப்பாற்ற நாலு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேனோ, அதை இவர் நடுரோட்டில் லொறியை நிறுத்தித் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டியது. திட்டவும் வேண்டும் போலிருந்தது. "பைத்தியமாங்க ஒங்களுக்கு!" என்றேன்.

"இரு, கேளு. ரொம்ப நாளா ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அங்க எங்க வச்சுக் கேக்குறது?" என் முகத்தைப் பார்க்காமல் பாயின் கோரையை விரலால் நெருடிக்கொண்டே சொன்னார். "நாம ரெண்டு பேருமா ஒருக்கா டாக்டர்ட்ட போவோமா? புதன்கிழம முதலாளிகிட்ட லீவு கேட்டிருக்கேன்."

புதன்கிழமை போனோம். ரெண்டு பேரையும் உட்கார வைத்து டாக்டர் என்ன சொன்னார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாமி கேட்டார், அக்கா கேட்டார், முதலாளியின் அக்காகூட ஒருநாள் கேட்க வந்து கேட்காமல் போனார். நான் யாருக்கும் சொல்லவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.